முர்பாட் ரோட்டில் ஒரு மானியக் கணக்கு

மும்பையை அடுத்த கல்யாணிலிருந்து முர்பாட் போகும் சாலையில், ஷஹாட் தாண்டியபின், உல்லாஸ்நகர் மாநகராட்சி எங்கே முடிகிறது, ம்ஹாரல் கிராமப் பஞ்சாயத்து எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவரால் சொல்ல முடியாது. அடுக்குமாடிகளும் ஹார்டுவேர் கடைகளும் ஷேர் ஆட்டோக்களும் இடைவெளியில்லாமல் தொடர்கின்றன. பி.எம்.இ.ஜி.பி. என்று எல்லோரும் சொல்லும் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு மட்டும் அந்த எல்லை மிக முக்கியம். எல்லைக்கு இப்பால் ஒரு பெண் 20 லட்ச ரூபாய் மதிப்பில் பட்டறை போட்டால் அரசு மானியம் 5 லட்சம். அப்பால் போட்டால் 7 லட்சம். பொதுப் பிரிவு ஆணுக்கு 3 லட்சமும் 5 லட்சமும். இந்தக் கூடுதல் 2 லட்சம் எதற்கு? தொழில் நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும், ஊர்ப்புறத்தில் வேலை பிறக்க வேண்டும் என்பதற்கு. அது நடக்கிறதா, நடக்கவில்லையென்றால் கோளாறு எங்கே என்று பார்க்கலாம்.

முதலில் திட்டத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுவது நியாயம். 2008இல் தொடங்கிய பி.எம்.இ.ஜி.பி.யை நடத்துவது காதி கிராமத் தொழில் ஆணையம். கிராமத்துக்கான பணத்தைப் பங்கிடும் அந்த ஆணையத்தின் தலைமையகம் விலே பார்லேயில் இருக்கிறது என்பதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம், அதில் குற்றமில்லை. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு போகலாம். பொதுப் பிரிவினர் கையிலிருந்து 10 சதவீதம் போட வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் 5 சதவீதம் போட்டால் போதும். மீதி வங்கிக் கடன். மானியம் தொழில் செய்பவர் கைக்கு வராது. வங்கியிலேயே 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை, அதற்குச் சமமான கடன் தொகைக்கும் வட்டி இல்லை. 3 ஆண்டு கழித்து ஆள் நேரில் வந்து பட்டறை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். மெஷின் வாங்கியதாக பில் காட்டி மானியத்தை எடுத்துக்கொண்டு மறையும் பழைய தந்திரத்துக்கு இது நல்ல பூட்டு. இந்தியாவில் மானியத் திட்டங்களை வகுத்தவர்கள் பட்ட பாட்டிலிருந்து கற்ற பாடம் இந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

கோளாறு வேறு இடத்தில். எது ஊர்ப்புறம் என்பதை இந்தத் திட்டம் எப்படி முடிவு செய்கிறது என்பதில்.

2022 வரை இருந்த விதி வருவாய்த் துறைப் பதிவைப் பார்த்தது. பதிவில் கிராமம் என்று இருந்தால் கிராமம். ஊர் நகரமாக வகைப்பட்டிருந்தாலும் மக்கள் தொகை 20,000ஐத் தாண்டாவிட்டால் அதுவும் கிராமக் கணக்கில் சேரும். 2022இல் 13,554 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் திட்டத்தை 2025-26 வரை நீட்டித்தபோது இதை எளிமையாக்கினார்கள். பஞ்சாயத்து ஆட்சியின் கீழ் இருந்தால் கிராமம், நகராட்சியின் கீழ் இருந்தால் நகரம். அலுவலருக்கு வேலை குறைந்தது, விண்ணப்பதாரருக்கும் குழப்பம் குறைந்தது. எளிமைக்கு ஒரு விலை இருந்தது, அதை முர்பாட் கொடுத்தது. கல்யாணிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், மால்ஷேஜ் மலைப்பாதைக்குப் போகும் வழியில் உள்ள தாலுகா தலைநகர் அது. இன்றுவரை ரயில் கிடையாது. ஆனால் அது நகர் பஞ்சாயத்து. அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ பிரிவின்படி நகர் பஞ்சாயத்து என்பது கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் இடத்துக்கான நகராட்சி அமைப்பு. ஆகவே புதிய விதியின்படி முர்பாட் ஊருக்குள் பட்டறை போடுகிறவருக்கு நகர விகிதம். உல்லாஸ்நகரை ஒட்டிக்கொண்டிருக்கும் ம்ஹாரலில் போடுகிறவருக்குக் கிராம விகிதம். ஷஹாடில் லோக்கல் ரயிலைப் பிடிக்கும் தூரத்தில் இருப்பவருக்குக் கூடுதல் பணம், ரயிலே இல்லாத ஊர்க்காரருக்குக் குறைந்த பணம்.

இதே சாலைக்கு மாநில அரசிடம் இன்னொரு வரைபடம் உண்டு. மகாராஷ்டிரத்தின் தொகுப்பு ஊக்கத் திட்டம் 1964இல் தொடங்கியது. பம்பாயிலும் புனேயிலும் குவிந்த தொழிலை மற்ற மாவட்டங்களுக்குப் பரப்புவது அதன் நோக்கம். பல முறை திருத்தப்பட்டு 2019இல் வந்த வடிவம் வரை அதன் எலும்புக்கூடு மாறவில்லை. தாலுகாக்களை ஏ, பி, சி, டி, டி-பிளஸ் என்றும் அதற்கும் கீழே தொழிலே இல்லாத மாவட்டம், நக்சல் பாதித்த பகுதி என்றும் அடுக்கி, கீழே போகப் போக சலுகையைக் கூட்டுவார்கள். வளர்ந்த பகுதி என்ற ஏ பிரிவில் மும்பை, புனே பெருநகரப் பகுதிகள். கல்யாண் தாலுகா மும்பைப் பெருநகரப் பகுதிக்குள் வருகிறது. ஆகவே அதே ம்ஹாரலும், அதே சாலையில் உள்ள வரப், காம்பா கிராமங்களும் மாநிலத்தின் கண்ணுக்கு வளர்ந்த இடங்கள், சலுகையில் கடைசி வரிசை. மத்திய அரசு கிராமம் என்கிறது, மாநில அரசு பெருநகரம் என்கிறது. இரண்டும் ஒரே தாசில்தார் அலுவலகத்தின் எல்லைக்குள் நடக்கிறது.

மூன்றாவது வரைபடம் ஒன்று இருக்கிறது, அதில் கோடே இல்லை. 2020இல் வந்த குறு உணவுத் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 35 சதவீத மானியம் தருகிறது, உச்சவரம்பு 10 லட்சம். நகரமா கிராமமா என்று அது கேட்பதில்லை. ஏற்கெனவே ஓடும் தொழிலைப் பெரிதாக்கவும் தருகிறது. கல்யாண் கிழக்கில் ஒரு சாலில் அப்பளம் இடும் நம் ஊர்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ம்ஹாரலுக்குப் போனால் ஒரு திட்டத்தில் கிடைக்கும் 35 சதவீதம், இருக்கும் தெருவிலேயே இன்னொரு திட்டத்தில் கிடைக்கிறது. அந்தக் குடும்பம் எதற்காக இடம் பெயர வேண்டும்? இரண்டு அமைச்சகங்கள் தனித்தனியாக யோசித்ததில் ஒன்றின் தூண்டிலை மற்றொன்று அறுத்துவிட்டது.

இதெல்லாம் நிர்வாகக் குளறுபடிதானே, கொள்கை சரிதானே என்று கேட்கலாம். கொள்கையையும் பார்ப்போம். அதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1968இல் பின்தங்கிய பகுதிகளைக் கண்டறிய பாண்டே தலைமையிலும், அங்கே தொழில் தொடங்க என்ன நிதிச் சலுகை தருவது என்று சொல்ல வாஞ்சூ தலைமையிலும் மத்திய அரசு குழுக்களை அமைத்தது. அதன் விளைவாக 1971இல் முதலீட்டு மானியம் வந்தது. முதலில் 10 சதவீதம், பிறகு 15, 1983க்குப் பின் மிகப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 25. வருமான வரிச் சட்டத்தில் 80-எச்.எச். பிரிவு சேர்ந்தது. பின்தங்கிய பகுதியில் தொடங்கும் புதிய தொழிலின் லாபத்தில் 20 சதவீதத்துக்கு 10 ஆண்டுகள் வரி இல்லை. 1977இல் ஊர்ப்புறச் சிறுதொழிலுக்கென்றே 80-எச்.எச்.ஏ. வந்தது, அதிலும் அதே 20 சதவீதம், அதே 10 ஆண்டுகள்.

பலன் எப்படி இருந்தது என்பதற்குத் தமிழ் வாசகர் வெகு தூரம் போக வேண்டாம், ஓசூரை நினைத்தால் போதும். மத்திய மானியப் பட்டியலில் இருந்தது தர்மபுரி மாவட்டம் முழுவதும். ஓசூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். தர்மபுரி நகரிலோ அரூரிலோ ஆலை போட்டாலும் அதே மானியம். ஆனால் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் 1980ஐ ஒட்டியும் அதன் பின்னும் வந்து இறங்கியது, பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த ஓசூரில். சிப்காட் நிலம், பெங்களூரின் பொறியாளர்கள், பெங்களூரின் துணைத் தொழில்கள், அதோடு பின்தங்கிய மாவட்டத்தின் மானியம். தர்மபுரியின் பெயரில் வந்த பணம் பெங்களூரின் வாசலில் செலவானது. ஓசூர் தமிழ்நாட்டுக்குப் பெரிய ஆதாயம், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அரூரில் வேலை பிறந்ததா என்ற கேள்விக்கு ஓசூர் பதில் ஆகாது.

பின்தங்கிய பகுதிகளின் வளர்ச்சிக்கான தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சிவராமன் 1980ஐ ஒட்டி இதைத்தான் கண்டார். மானியம் சில மாவட்டங்களில், ஏற்கெனவே வளர்ந்த நகரங்களுக்குப் பக்கத்தில் குவிகிறது. தனித்தனி ஆலைக்குப் பணம் கொடுப்பதைவிட வளர்ச்சி மையங்களை உருவாக்குங்கள் என்றது அவருடைய குழு. 1988இல் மத்திய முதலீட்டு மானியம் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு வளர்ச்சி மையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 80-எச்.எச்.ஏ. 1990இல் புதிய தொழில்களுக்கு மூடப்பட்டது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றது ஆகிவிடும். 2003இல் இமாசலப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் மத்திய அரசு பெரிய சலுகை கொடுத்தது. 10 ஆண்டு கலால் வரி விலக்கு, முதல் 5 ஆண்டு வருமான வரி முழு விலக்கு. இமாசலத்தின் பத்தி என்ற ஊர் மருந்து ஆலைகளால் நிறைந்தது. அது வெறும் இடமாற்றம், மற்ற மாநிலங்களின் ஆலைகளைப் பெயர்த்துக்கொண்டு போனதுதான் என்பது அப்போதும் இப்போதும் பொதுப் பேச்சு. பொருளியலாளர் ரிதம் சௌரே ஆலைப் புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்து 2017இல் ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு வேறு. வேலைவாய்ப்பும் உற்பத்தியும் ஆலைகளின் எண்ணிக்கையும் உண்மையாகவே கூடின. ஏற்கெனவே இருந்தவை வளர்ந்தன, புதியவை வந்தன, இடமாற்றத்துக்குப் பெரிய சான்று இல்லை. ஆகவே சலுகையால் எதுவும் ஆகாது என்று கைகழுவ முடியாது. சலுகை பெரிதாக இருந்தால் தொழில் வருகிறது.

எங்கே வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இமாசலத்தில் வளர்ந்தது சண்டிகருக்குப் பக்கத்து பத்தி, ஹரியாணா எல்லையில் உள்ள காலா அம்ப். உத்தராகண்டில் ஹரித்வார், பந்த்நகர். எல்லாம் சமவெளியும் மலைமாநிலமும் தொடும் விளிம்புகள். சம்பாவுக்கும் சமோலிக்கும் அதே சலுகை இருந்தது, அங்கே பத்தி போல ஒன்று எழவில்லை. ஓசூரில் கண்டதுதான் இங்கேயும். சலுகை எவ்வளவு பெரிய பரப்புக்கு அறிவிக்கப்பட்டாலும், தொழில் அந்தப் பரப்பில் நகரத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் புள்ளியைத் தேடிப் போகும். முதலாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. லாரி வாடகையும் மின்வெட்டும் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். குறை, எல்லைக்கோடு போடுகிறவர்கள் இதை மறந்துபோவதில். ம்ஹாரல் கல்யாண் தாலுகாவின் ஓசூர்.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். வரிச் சலுகையா, நேரடி மானியமா? பெரிய ஆலைக்கு வரிச் சலுகை இனிக்கும். சிறுதொழிலுக்கு அது பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும் இனிப்பு. லாபம் இருந்தால்தானே லாபத்தில் 20 சதவீதம்? தொடங்கிய முதல் சில ஆண்டுகள் வட்டி கட்டவே சரியாக இருக்கும். இன்று மகாராஷ்டிரம் தரும் முக்கியமான ஊக்கம், மாநிலத்துக்குள் விற்ற சரக்கின் மீது கட்டிய மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவது. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. சரக்கு விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை பதிவே தேவையில்லை. கட்டாத வரியை எப்படித் திருப்பித் தருவது? மத்திய அரசு 2019இல் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீத வருமான வரி என்று அறிவித்தபோது, தாராவிக்கும் கட்சிரோலிக்கும் ஒரே விகிதம்தான். ஊர்ப்புறத்துக்கென்று மத்திய வருமான வரியில் இருந்த பழைய சலுகைகள் முடிந்துபோன கதை. அதனால் வருத்தமில்லை. சிறுதொழிலுக்கு உதவுவது கையில் தெரியும் மானியமும் கிடைக்கிற கடனும்தான், இந்தத் தேர்வில் பி.எம்.இ.ஜி.பி. சரியான பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் அது பிறப்புக்குக் கொடுத்து வளர்ச்சிக்குக் கைவிரிக்கிறது. இதை நான் அதன் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன், எல்லைக்கோட்டுக் குழப்பத்தைவிடப் பெரிய குறை. முதல் கடனில் கிராமத்துக்கு 25 அல்லது 35 சதவீதம். அதே பட்டறை முதல் கடனை ஒழுங்காகக் கட்டி, 3 ஆண்டு லாபம் காட்டி, பெரிதாக்க இரண்டாவது கடன் கேட்டால் எல்லோருக்கும் 15 சதவீதம்தான், 1 கோடி வரையான உற்பத்தித் திட்டத்துக்கு 15 லட்சம். வடகிழக்கிலும் மலை மாநிலங்களிலும் மட்டும் 20. கல்யாண் ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பவருக்கும் மால்ஷேஜ் அடிவாரத்தில் இருப்பவருக்கும் அந்த 15இல் வித்தியாசம் இல்லை. ஊர்ப்புறத்தில் தொழில் நடத்துவதன் உண்மையான கஷ்டம் எப்போது வருகிறது? 3 பேரை வைத்துத் தொடங்கும்போது வருவதில்லை. 12 பேராக்கும்போது வருகிறது. அப்போதுதான் மூன்று கட்ட மின் இணைப்பு வேண்டும், டெம்போ போய் லாரி வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், மும்பை மொத்த வியாபாரிக்கு இரண்டு மாதம் கடனில் சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருக்க நடைமுறை மூலதனம் வேண்டும். நகரம் இந்த இடத்தில் இழுக்கும். அந்த நேரத்தில் கிராமம் என்பதற்கான கூடுதல் உதவியைத் திட்டம் விலக்கிக்கொள்கிறது. விதை போடக் கூலி கொடுத்துவிட்டு தண்ணீர் பாய்ச்சும் பருவத்தில் கணக்கை முடிப்பது மாதிரி.

எதிர்வாதங்கள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று, ம்ஹாரலும் வரப்பும் பார்க்க நகரம் போல இருந்தாலும் குடிநீர், சாக்கடை, குப்பை எல்லாம் பஞ்சாயத்தின் சிறிய வரவு செலவில்தான் நடக்கின்றன. மாநகராட்சியின் வசதி அங்கே இல்லை, எனவே மானியம் நியாயம் என்பது. உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து பஞ்சாயத்துக்குப் பணம் கொடுப்பது. அங்கே புதிதாக வரும் பட்டறைக்கு 2 லட்சம் கொடுத்தால் சாக்கடை ஓடாது.

இரண்டாவது வாதம் கனமானது. எளிய கோடு இருந்தால் லஞ்சத்துக்கு இடமில்லை, எது பின்தங்கிய இடம் என்று அலுவலர் தீர்மானிக்கத் தொடங்கினால் ஏஜெண்டுகள் முளைப்பார்கள் என்பது. இதை நான் முழுக்க ஏற்கிறேன். தீர்வும் எளிய கோடாகத்தான் இருக்க வேண்டும். இப்போதுள்ள கோடு மட்டும் எளிது என்பதும், அது அசையாதது என்பதும் உண்மையல்ல என்பதற்குக் கல்யாணின் 27 கிராமங்களே சாட்சி. 1983இல் கல்யாண் மாநகராட்சி அமைந்தபோது மான்பாடா, பிசவலி, நில்ஜே, காட்டை உள்ளிட்ட இந்த ஊர்கள் உள்ளே வந்தன. 2002இல் வெளியே எடுக்கப்பட்டன. 2015இல் மறுபடி உள்ளே. 2020இல் அவற்றில் 18ஐப் பிரித்துத் தனி நகராட்சி மன்றமாக்க மாநில அரசு எடுத்த முடிவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. இந்த இழுபறி சொத்து வரிக்காகவும் தேர்தலுக்காகவும் கட்டட அனுமதிக்காகவும் நடந்தது. அங்கே தொழில் வறுமை கூடியதோ குறைந்ததோ அதற்குக் காரணமில்லை. அரசியலுக்காக நகரும் ஒரு கோட்டில் மானிய விகிதத்தைக் கட்டி வைத்தால் மானியமும் அரசியலோடு நகரும்.

மாற்றுக் கோட்டை எங்கிருந்து எடுப்பது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 1977இன் 80-எச்.எச்.ஏ. பிரிவிலேயே அது இருந்தது. 10,000க்குக் குறையாத மக்கள் தொகை கொண்ட நகராட்சிப் பகுதி ஊர்ப்புறம் அல்ல. அதன் எல்லையிலிருந்து 15 கிலோமீட்டர் வரைக்குமான சுற்றுப்புறத்தையும் மத்திய அரசு அறிவிப்பின் மூலம் ஊர்ப்புறக் கணக்கிலிருந்து விலக்கலாம். நகரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று அன்றைக்குச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிலோமீட்டரை யாரும் லஞ்சம் கொடுத்துச் சுருக்க முடியாது. அந்த அளவை இன்றைய மாநகராட்சிகளிலிருந்து மட்டும் அளந்து, சிறிய நகர் பஞ்சாயத்துகளை ஊர்ப்புறமாகவே எண்ணினால், ம்ஹாரலும் வரப்பும் காம்பாவும் நகர விகிதத்துக்கு வந்துவிடும், முர்பாட் கிராம விகிதத்துக்குப் போய்விடும். அருகிலுள்ள ஷஹாபூர் தாலுகாவின் ஆதிவாசிக் குடியிருப்புகள் இப்போதைய இடத்திலேயே இருக்கும்.

இந்தத் திட்டத்தை நான் எப்படி மதிப்பிடுகிறேன் என்றால்: பணத்தை வங்கியில் பூட்டி வைக்கும் முறை தொடர வேண்டியது, தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 5 சதவீதத்தில் கதவைத் திறப்பது தொடர வேண்டியது. கிராமத்துக்கான கூடுதல் 10 சதவீதம் இன்றைய வடிவில் தோல்வி. மும்பைப் பெருநகரப் பகுதியின் விளிம்பில் அது நகரத்தின் பரவலுக்கு அரசு தரும் தள்ளுபடியாக மாறிவிட்டது. அந்தக் கூடுதல் பணத்தை முதல் கடனிலிருந்து எடுத்து, மாநகராட்சி எல்லைக்கு 15 கிலோமீட்டருக்கு அப்பால் 3 ஆண்டு நிலைத்து நின்ற பட்டறைகளின் இரண்டாவது கடனுக்கு மாற்ற வேண்டும். 2025-26 வரைக்கான ஒதுக்கீட்டுக்குப் பின் வரும் வடிவத்தில் இந்த ஒரு திருத்தம் இல்லையென்றால், வேறு எத்தனை லட்சம் உயர்த்தினாலும் அது ம்ஹாரலைத் தாண்டிப் போகாது.